நிறைந்த பைக்கு அளவெடுங்கள்: ஸ்டோமா உள்ளவர்களுக்கு உள்ளாடை தைப்பது பற்றி

திருப்பூரில் சாம்பிள் டெய்லராக வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய மாமியாருக்கு மலக்குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்து, இடது அடிவயிற்றில் நிரந்தரமாகக் கொலாஸ்டமி வைத்திருக்கிறார்கள். அதாவது பெருங்குடலின் முனையை வயிற்றில் ஒரு திறப்பாக (அதுதான் ஸ்டோமா) வெளியே கொண்டுவந்து, மலம் சேர அதன் மேல் ஒரு பையை ஒட்டியிருக்கிறார்கள். கடையில் வாங்கும் பேண்டீஸின் எலாஸ்டிக் சரியாகப் பையின் நடுவில் விழுந்து அழுத்துகிறது. உள்ளாடையே போடாமல் விட்டால் பை தொங்கி ஆடுகிறது. புடவை கட்டப் பயந்து அத்தை நைட்டியோடு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறார். "நானே தைத்துக் கொடுக்கலாமா? பைக்கு ஓட்டை விட வேண்டுமா? எந்தத் துணி எடுப்பது? நன்றாக வந்தால் மற்றவர்களுக்கும் தைத்து விற்கலாமா?" என்று கேட்கிறார்.

தாராளமாகத் தைக்கலாம். நான் ஸ்டோமா பராமரிப்புச் செவிலியர். என்னிடம் வருகிறவர்களில் பலருக்குப் பை மாற்றுவது ஓரிரு மாதத்தில் கை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர்களை வீட்டை விட்டு வெளியே வரவிடாமல் வைத்திருப்பது துணிதான். தையல் தெரிந்த மருமகள் வீட்டில் இருப்பது உங்கள் அத்தைக்குப் பெரிய பலம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைப்பதும் சரி, ஆர்வத்தில் பலர் வீட்டில் தைத்துப் பார்ப்பதும் சரி, பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் உதவாமல் போகின்றன. காலிப் பையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்திருப்பார்கள். ஆனால் பை நாள் முழுக்கக் காலியாக இருப்பதில்லை, ஆளும் நாள் முழுக்க நிற்பதில்லை. பாதி நிறைந்த பையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அளவெடுங்கள். பை நிறைய இடம் இருக்க வேண்டும், நிறைந்த கனத்தை அடியிலிருந்து துணி தாங்க வேண்டும், பையை வயிற்றோடு சேர்த்து அமுக்கக் கூடாது. நான் கீழே சொல்லும் எல்லாமே இதற்காகத்தான்.

ஏன் தாங்க வேண்டும் என்று பார்ப்போம். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நிறைந்ததும் பையைக் காலி செய்துவிடச் சொல்கிறோம். அந்த நிலையிலேயே இருநூறு, இருநூற்றைம்பது மில்லி, அதாவது கால் கிலோ வரை கனம் இருக்கலாம். வயிற்றில் ஒட்டியிருக்கும் பிளேட்டின் மேல் விளிம்பு இந்தக் கனத்தைத் தாங்கி நிற்கிறது. நடக்க நடக்கப் பை ஆடும், ஒவ்வொரு ஆட்டத்திலும் மேல் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தோலை விட்டு எழும்பும். நம் ஊர் வேர்வையில் பசை ஏற்கனவே இளகித்தான் இருக்கும். மத்தியானம் லீக் ஆனால் "பை சரியில்லை" என்று கம்பெனியை மாற்றுகிறார்கள். கனத்தை வேறு எதுவும் தாங்கவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

ஏன் அமுக்கக் கூடாது? கொலாஸ்டமியில் மலம் ஓரளவு கெட்டியாக வரும். இறுக்கமான துணி பையின் இரண்டு பக்கத்தையும் ஒட்டவைத்துவிட்டால் மலம் கீழே இறங்க வழியில்லாமல் ஸ்டோமாவைச் சுற்றியே அப்பிக்கொள்ளும், பிறகு பிளேட்டுக்கு அடியில் புகுந்துவிடும். சிறுகுடலில் வைக்கும் ஸ்டோமாவான இலியாஸ்டமியில் பிரச்சினை இன்னும் கடுமை. அதிலிருந்து வருவது தண்ணீராகவோ கூழாகவோ இருக்கும். அதில் செரிமான நொதிகள் இருப்பதால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். 1952-ல் பிரையன் புரூக் என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் குடலின் முனையை வெளிப்பக்கமாக மடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும்படி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தண்ணீர் தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழ வேண்டும் என்பதே நோக்கம். இறுக்கமான ஜட்டி அந்த மூக்கைச் சப்பையாக அழுத்தினால் அறுவை நிபுணர் செய்த வேலை வீணாகிறது. ஸ்டோமாவுக்கு வலி உணர்ச்சி கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். எலாஸ்டிக்கோ தடித்த தையலோ உரசிக் காயமானாலும் அத்தைக்குத் தெரியாது. பையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும்.

இதில் கொஞ்சம் பழைய கதையும் உண்டு. ஒட்டும் பை வருவதற்கு முன்னால் துணிப் பட்டையும் பெல்ட்டும்தான் ஸ்டோமாவின் மேல் எதையாவது கட்டி நிறுத்திவைத்தன. 1954-ல் எலிசே சோரென்சன் என்ற டென்மார்க் செவிலியர், ஸ்டோமா வைக்கப்பட்ட தன் சகோதரி தோரா வெளியே போகவே அஞ்சியதைப் பார்த்து, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் பையை யோசித்தார். கோலோபிளாஸ்ட் கம்பெனி 1957-ல் பிறந்தது அதிலிருந்துதான். பசை வந்தது பெரிய விடுதலை. ஆனால் அதற்குப் பிறகு எல்லாப் பொறுப்பையும் பசையின் தலையில் போட்டுவிட்டுத் துணியை மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம். இங்கிலாந்து போன்ற இடங்களில் ஸ்டோமா உள்ளவர்களுக்கென்றே உள்ளாடை தைக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றின் அளவும் துணியும் அங்கத்திய குளிருக்கும் பேண்ட் சட்டைக்கும் ஏற்றவை. புடவைக்கும் வேட்டிக்கும் சித்திரை வெயிலுக்கும் நாம்தான் தைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அளவு. அறுவை முடிந்த முதல் ஆறு, எட்டு வாரத்துக்கு உடம்போடு அளவாகப் பிடிக்கும் எதையும் தைக்காதீர்கள். ஸ்டோமாவின் வீக்கம் அதுவரை வற்றிக்கொண்டே இருக்கும், வயிற்றின் அளவும் மாறும். கீமோ ஓடிக்கொண்டிருந்தால் உடம்பு இளைத்து, பிறகு மறுபடி ஏறும். அந்தக் காலத்துக்கு ஒரு சைஸ் பெரிய, இடுப்பு உயர்ந்த பருத்தி பேண்டீஸ் போதும். பிறகு, பை மாட்டிய நிலையில் அவரைச் சம்மணம் போட்டு உட்காரவைத்து அளவெடுங்கள். உட்காரும்போது வயிறு மடிந்து ஸ்டோமா கீழே இறங்கும். சிலருக்கு மடிப்புக்குள்ளேயே போய்விடும். பிளேட்டின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, பையின் அடி நுனி மூன்றும் எங்கே வருகின்றன என்று உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே முன்பக்கத் துண்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று உங்களைப் போன்ற சாம்பிள் டெய்லருக்குப் புரிந்துவிடும். அவர் வழக்கமாக வாங்கும் பையில் ஒன்றைக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். பைகளின் நீளமும் அகலமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

இடுப்புப் பட்டி எங்கே வர வேண்டும் என்பதுதான் முழு டிசைனுக்கும் உயிர். பட்டி ஸ்டோமாவுக்குக் கீழே வந்தால் பையின் குறுக்கே விழும், பை பாதியோடு அடைபடும். ஸ்டோமா மட்டத்தில் வந்தால் பிளேட்டை நெம்பும். ஆகவே பிளேட்டின் மேல் விளிம்பைத் தாண்டி மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே போய்விடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தொப்புள் மட்டமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்கும். பட்டி அகலமாக இருக்கட்டும், நான்கு சென்டிமீட்டருக்குக் குறையாமல். ஆண்கள் ஜட்டிக்குப் போடும் விறைப்பான ஜக்கார்டு எலாஸ்டிக் வேண்டாம். உள்பக்கம் மெத்தென்று இருக்கும் எலாஸ்டிக் எடுங்கள், அல்லது ரிப் துணியையே இரண்டாக மடித்து உள்ளே மெல்லிய எலாஸ்டிக் ஓட்டுங்கள். உயரமான பட்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உட்கார்ந்து எழும்போது சுருண்டு உருண்டு கயிறு மாதிரி ஆகி, நேராகப் பிளேட்டின் மேல் வந்து உட்காரும். எலாஸ்டிக்கை இரண்டு மூன்று வரிசையாகத் தைத்துப் பிரித்துவிட்டால் சுருளுவது குறையும். இடுப்பளவை உட்கார்ந்த நிலையில் எடுத்தால் இன்னும் குறையும், ஏனென்றால் பட்டி சுருளுவதற்கு முக்கியக் காரணமே அது இறுக்கமாக இருப்பதுதான். பட்டிக்குள் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும். கழற்றிய பிறகு தோலில் பதிந்த கோடு சில நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும். அதுதான் என் கணக்கு.

அடுத்து ஓட்டைக் கேள்வி. பிளேட் அளவுக்கு வட்டமாக வெட்டி, பையை அதன் வழியாக வெளியே எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கு அதில் விருப்பமில்லை. வட்டத்தின் விளிம்பு நகர்ந்து பிளேட்டுக்கு அடியில் நெம்பும். விளிம்பு இறுக்கமாக இருந்தால் சுற்றியுள்ள இடம் அழுந்தி, நடுவிலுள்ள வயிறு ஓட்டை வழியே பிதுங்கும். வெளியே வந்த பையைத் தாங்கவும் எதுவும் இருக்காது. அதற்குப் பதில் முன்பக்கத்தை இரண்டடுக்காகத் தையுங்கள். உள் அடுக்கை ஒரே துண்டாக வெட்டாமல் மேல் துண்டு, கீழ் துண்டு என்று குறுக்காக இரண்டாக வெட்டி, தலையணை உறையின் வாயில் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் போல ஐந்தாறு சென்டிமீட்டர் ஏற்றி விடுங்கள். துணி ஏறி நிற்கும் அந்த வாய் ஸ்டோமா மட்டத்தில் வர வேண்டும். உள்ளாடையைப் போட்ட பிறகு அந்த வாயை விலக்கி, பையை அதன் வழியே இரண்டு அடுக்குக்கும் நடுவில் இறக்கிவிட வேண்டியதுதான். வெட்டிய விளிம்பு இறுக்கமில்லாமல் இருப்பதால் எதையும் நெம்பாது. பைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு பருத்தித் துணி வந்துவிடும். பிளாஸ்டிக் நேராகத் தோலில் ஒட்டி வேர்க்குரு வருவது இங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது தெரியுமா! பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தமும் இதில் அடங்கிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்திலேயே கல்யாண வீட்டுக்குப் போகாதவர்களை எனக்குத் தெரியும்.

வெளி அடுக்கைப் பை இருக்கும் பக்கத்தில் மட்டும் உள் அடுக்கைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமாக வெட்டி, ஓரத்தில் லேசாகச் சுருக்கி உள் அடுக்கோடு சேருங்கள். பை முன்பக்கமாக உப்புவதற்கான இடம் அது. பைக்குள் காற்றும் சேரும். பல பைகளில் மேல் பகுதியில் கரி ஃபில்டர் இருக்கும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த இடத்தில் பட்டியோ தடித்த தையலோ உட்கார்ந்துவிட்டால் பை பலூனாகிவிடும். இரண்டு அடுக்குக்கும் நடுவில் பை இறங்கும் இந்த அறையின் அடி மட்டம் பையின் அடி நுனிக்குச் சரியாக இருக்கட்டும். அதைவிடக் கீழே போனால் பை தாங்கப்படாமல் அந்தரத்தில் நிற்கும், மேலே வந்தால் பை மடங்கும். அடியில் இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரு தையல், அதன் ஓரத்தில், காலி செய்யத் திறக்கும் பையின் வால் பகுதியை வெளியே எடுக்க ஒரு சின்ன வாய். ஜட்டியை முழுக்க இறக்காமலேயே காலி செய்துகொள்ள இது உதவும். சிறுநீர் வெளியேற வைக்கும் ஸ்டோமாவான யூராஸ்டமி உள்ளவருக்குத் தைத்தால் இந்த வாய் கட்டாயம் வேண்டும். பையின் அடியிலுள்ள குழாய்த் திருகு வழியாக இரவில் நீண்ட டியூபை மாட்டிப் பெரிய பையோடு இணைப்பார்கள். அந்த டியூப் எங்கும் மடங்காமல் கால் பக்கமாக வெளியே வர வேண்டும்.

துணியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். உள் அடுக்குக்கு மெல்லிய காட்டன் சிங்கிள் ஜெர்சி போதும். வெளி அடுக்குக்கு 95-க்கு 5 காட்டன் லைக்ரா, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பக்கம் எடுத்தால் தாங்கும் தன்மை வரும். 1-க்கு 1 ரிப் போடச் சுகமாக இருக்கும், ஆனால் கனம் ஏற ஏறக் கீழே தொய்ந்துகொண்டே போகும், சாயங்காலம் பை முழங்காலை நோக்கி இறங்கியிருக்கும். துணி உடம்பைச் சுற்றி இழுபடலாம், மேலிருந்து கீழாக இழுபடக் கூடாது. வெட்டும்போது இதை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். சிந்தடிக் துணியில் தைத்த வழவழப்பான ஷேப்வேர் ரகம் பார்க்க அழகாக இருக்கும், மே மாதத்தில் அரை நாள் தாங்காது. தோலும் பிளேட்டும் நனைந்தே இருந்தால் பூஞ்சைத் தொற்று வந்து, சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகளோடு அரிக்க ஆரம்பிக்கும். தையல் தட்டையாக விழும் பேட்லாக்கில் (ஃபிளாட்லாக்) போகட்டும், ஓவர்லாக் மேடு தோல் பக்கம் வர வேண்டாம். லேபிள் தைக்காமல் அச்சிட்டுவிடுங்கள்.

உங்கள் அத்தைக்கென்று இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, வயிற்றைத் திறந்து செய்த அறுவையாக இருந்தால் நடு வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்பு இருக்கும். முன்பக்கத்தில் நடுத் தையல் வைக்காதீர்கள், அது சரியாகத் தழும்பின் மேல்தான் விழும். இரண்டாவது, இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. மலக்குடலை ஆசனவாயோடு சேர்த்து எடுத்திருந்தால் அந்த இடத்தை மூடித் தைத்திருப்பார்கள். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை லேசாகக் கசியவும் செய்யும், உட்காரவே வலிக்கும். வயிற்றில் இருக்கும் பையை மட்டுமே நினைத்துத் தைத்த உள்ளாடையின் பின்தையல் நேராக அந்தப் புண்ணில் போய் உரசும். பின்பக்கத்தை நடுத் தையல் இல்லாத ஒரே துண்டாக வெட்டுங்கள். கவட்டைத் துண்டை வழக்கத்தைவிட அகலமாக, பின்பக்கம் கொஞ்சம் தள்ளி ஏற்றி, இரட்டைப் பருத்தியில் வையுங்கள். பேட் வைத்தால் நகராமல் நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அத்தை அதைக் கேட்கக் கூச்சப்படலாம். நீங்களே கேட்டுவிடுங்கள்.

புடவைக்கு வருவோம், ஏனென்றால் உள்ளாடை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் உள்பாவாடை நாடா அதைக் கெடுத்துவிடும். நாடா மெல்லியது, முடிச்சு கெட்டி, இழுத்துக் கட்டினால்தான் புடவை நிற்கும் என்பது பழக்கம். அது பையின் மேல் விழுந்தால் நான் மேலே சொன்ன அத்தனை தொல்லையும் வரும். உள்பாவாடையின் மேல் பகுதியில் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அகலமான பட்டி வைத்துத் தையுங்கள், அதை உள்ளாடைப் பட்டியின் மட்டத்திலேயே, பிளேட்டுக்கு மேலே கட்டட்டும். முடிச்சு ஸ்டோமாவுக்கு எதிர்ப் பக்கம் வர வேண்டும், அத்தைக்கு வலது பக்கம். கொசுவத்தையும் நடுவிலிருந்து வலப்பக்கம் கொஞ்சம் தள்ளிச் செருகினால் இடது பக்கம் மேடு தெரியாது. இறக்கிக் கட்டிப் பழகியவர்களுக்கு முதல் சில நாள் ஒரு மாதிரியாக இருக்கும், பிறகு பழகிவிடும். இப்போது பிரபலமாகியிருக்கும், தொடையோடு ஒட்டிப் பிடிக்கும் புடவை ஷேப்வேரை மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நைட்டியில் இடுப்பில் அழுத்தம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் உள்ளே தாங்கும் உள்ளாடை இல்லாமல் நைட்டி போட்டால் பை நாள் முழுக்க ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

அறுவைக்கு முன்பே இதையெல்லாம் யோசிக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஸ்டோமா எங்கே வர வேண்டும் என்று முன்கூட்டியே வயிற்றில் குறி போடும்போது நோயாளியை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்துப் பார்ப்போம். மடிப்பு, தழும்பு, இடுப்பெலும்பு, ஆடை கட்டும் கோடு எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். இதைப் படிக்கும் யாருக்காவது அறுவை இனிமேல்தான் என்றால், குறி போடும் நாளில் வழக்கமாகக் கட்டும் புடவையையோ வேட்டியையோ கட்டிக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி கவுனில் படுத்திருக்கும் வயிற்றில் நாடா எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

ஆண்களுக்கும் தைக்கப்போகிறீர்கள் என்றால் அதே இரண்டடுக்கு முறைதான், சில மாற்றங்களோடு. பட்டாப்பட்டி நாடாவும் வேட்டி முடிச்சும் உள்பாவாடை நாடா செய்யும் அதே வேலையைச் செய்கின்றன. அரைஞாண் கயிறு இன்னும் மோசம். மெல்லிய கயிறு நகர்ந்து பிளேட்டின் விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும். பெரியவர்களிடம் அதை அறுத்துவிடச் சொன்னால் மனம் நோகிறார்கள். உள்ளாடைப் பட்டியின் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சின்ன வளையம் தைத்து அதில் கயிற்றைக் கோத்துவிட்டால் மேலேயே நிற்கும். பை அடிவயிற்றில் தொங்கி ஆணுறுப்பின் மேல் வந்து விழுவதுதான் ஆண்களின் பெரிய குறை. ஆகவே பை அறைக்கும் நடுப் பகுதிக்கும் இடையே ஒரு நெடுக்குத் தையல் கொடுத்து இரண்டையும் பிரித்துவிடுங்கள். கால் உள்ள டிரங்க் மாதிரி தைத்தால் பை தொடையில் உரசாது.

இப்போது எச்சரிக்கை. நாம் பேசிக்கொண்டிருப்பது பையைத் தாங்கும் உள்ளாடை. ஸ்டோமாவைச் சுற்றி வயிறு புடைத்துக்கொள்ளும் குடலிறக்கம் வேறு விஷயம், அது ஸ்டோமா உள்ளவர்களிடம் மிகவும் சாதாரணம், நாளாக நாளாகக் கூடும். அதற்குப் போடும் அழுத்தமான பெல்ட்டுக்கும் பேண்டிக்கும் ஆளுக்கு ஆள் அளவும் அழுத்தமும் வேறு. மருத்துவரோ ஸ்டோமா செவிலியரோ பார்த்துத்தான் தர வேண்டும். காலையில் படுத்த நிலையில், புடைப்பு உள்ளே அடங்கியிருக்கும்போது போட்டுக்கொண்டு எழ வேண்டும். உங்கள் உள்ளாடையில் பவர்நெட் என்ற இறுக்கிப் பிடிக்கும் வலைத்துணியை இரண்டு மடங்கு வைத்து இறுக்கி இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். அத்தைக்கு ஸ்டோமாவைச் சுற்றிப் புடைப்பு தெரிந்தால் முதலில் காட்டிவிட்டு வாருங்கள். ஸ்டோமா எப்போதும் உதட்டின் உள்பக்கம் போலச் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். அது கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினாலும், வயிற்று வலியும் வாந்தியும் வந்து பையில் எதுவும் வராமல் நின்றுவிட்டாலும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாம்பிள் தயாரானதும் எப்படிச் சோதிப்பது? அத்தையின் மேல் சோதிக்காதீர்கள், நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு புதுப் பையை உங்கள் வயிற்றில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு, உள்ளே கெட்டியான கேழ்வரகுக் களியைக் கால் கிலோ போடுங்கள். கொலாஸ்டமிக்கு அது. இலியாஸ்டமிக்குத் தைத்தால் நீர்த்த கஞ்சி, யூராஸ்டமிக்கு வெறும் தண்ணீர். மூன்றும் துணியை மூன்று விதமாக இழுக்கும். கொஞ்சம் காற்றையும் ஊதிவிட்டுச் சோதியுங்கள். பிறகு சம்மணம் போட்டு உட்காருங்கள், குனிந்து கோலம் போடுங்கள், தொழுகையில் நெற்றி தரையில் படுமளவுக்கு மடங்கிப் பாருங்கள், பேருந்தின் உயரமான முதல் படி ஏறுங்கள், டூவீலரில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போய்வாருங்கள், இந்தியன் டாய்லெட்டில் குந்தி, ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பையைக் காலி செய்து பாருங்கள். கடைசிச் சோதனையில்தான் பெரும்பாலான டிசைன்கள் மாட்டிக்கொள்ளும். மூன்று கை தேவைப்படுகிற உள்ளாடையை அத்தை ஒரு வாரத்தில் மூட்டை கட்டிவிடுவார். நாள் முடிவில் கழற்றி, களி கீழே இறங்கியிருக்கிறதா மேலேயே அப்பியிருக்கிறதா, பிளேட்டின் மேல் விளிம்பு எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அத்தையின் விரல்களில் பலம் எப்படி என்பதையும் கவனியுங்கள். சில கீமோ மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும், அப்போது சின்னக் கொக்கியும் பட்டனும் அவருக்கு உதவாது.

நிறம்: உள் அடுக்கு வெளிர் நிறமாக இருக்கட்டும், லீக் ஆனால் உடனே தெரியும், தோல் புண்ணாகும் முன் பிளேட்டை மாற்றிவிடலாம். வெளி அடுக்கு எந்த நிறமானாலும் சரி, அவருக்குப் பிடித்த நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆஸ்பத்திரி வெள்ளையையும் தோல் நிறத்தையுமே எல்லோரும் திணிக்கிறார்கள். அரக்குச் சிவப்பில் தைத்துக் கொடுத்தபோது ஒரு அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று நான் பார்த்திருக்கிறேன். கறை பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுச் சோப்புப் போட வேண்டும். வெந்நீரும் ப்ளீச்சும் லைக்ராவைச் சீக்கிரம் கொன்றுவிடும். யாரும் பார்க்கக் கூடாது என்று குளியலறைக்குள்ளேயே உலர்த்துகிறார்கள், துணி ஈரமாகவே இருந்து பூஞ்சை வருகிறது. காற்றோட்டமான இடத்தில் உலரட்டும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பேண்டீஸ் மாதிரி தெரியும்படி தைத்துவிட்டால் கொடியில் காயப்போடவும் கூச்சம் இருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பிளேட் ஒட்டும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது, எந்த உள்ளாடையாலும் வழுக்கும் பசையைக் காப்பாற்ற முடியாது.

மற்றவர்களுக்கும் தைத்து விற்கலாமா என்றால், கட்டாயம் தையுங்கள். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக வெட்ட வேண்டியிருக்கும். பெருங்குடல் ஸ்டோமா பெரும்பாலும் இடது பக்கம், சிறுகுடலும் சிறுநீரும் பெரும்பாலும் வலது பக்கம். தற்காலிக ஸ்டோமா உள்ளவர்கள் சில மாதங்களில் அதை மூடிவிடுவார்கள். அவர்களுக்குப் புதிதாக முழு உள்ளாடை வேண்டியதில்லை, அவர்களிடம் இருக்கும் இடுப்பு உயர்ந்த பேண்டீஸிலேயே உள் அறையை மட்டும் தைத்துக் கொடுங்கள், செலவு குறையும். குடலிறக்கத்தைத் தடுக்கும், புண்ணை ஆற்றும் என்றெல்லாம் அட்டையில் அச்சிடாதீர்கள். பையைத் தாங்கும், தோலை உலர்வாக வைக்கும் என்று எழுதினால் போதும். பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்டோமா கிளினிக்கில் இரண்டு சாம்பிளைக் கொடுத்துப் பாருங்கள். மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது, அவர்களுக்கும் எழுதலாம். அத்தைக்குத் தைத்த முதல் சாம்பிளைப் போட்டுப் பார்த்து எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள், பேட்டர்னில் எதை மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.